அம்மா வந்திருக்கிற வீட்டுக்கு டாக்டர் வரலாமா?

கேள்வி சுருக்கமாக இது: "கல்யாணமாகி சேலம் அம்மாபேட்டைக்கு வந்தவள் நான். 4 வயது மகனுக்கு முந்தாநாள் அம்மை போட்டிருக்கிறது. எனக்கு இப்போது ஆறாம் மாதம். வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. டாக்டரிடம் போனால் அம்மாவுக்குக் கோபம் வந்து முத்து உள்ளே அமுங்கிவிடும் என்கிறார் அத்தை. வீட்டுக்காரரும் அவர் அம்மா பக்கம்தான். இதெல்லாம் மூடநம்பிக்கைதானே? எப்படிப் புரியவைப்பது?"

முதலில் உங்கள் உடம்பு. மகனைப் பற்றி அப்புறம் பேசலாம். இன்றைக்கே உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, சின்ன வயதில் உங்களுக்குச் சின்னம்மை போட்டதா என்று கேளுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒருமுறை வந்துபோன உடம்பில் எதிர்ப்புச் சக்தி தங்கிவிடும். போடவில்லை, அல்லது ஞாபகமில்லை என்றால், பிரசவத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் நாளைக்குள் சொல்லிவிடுங்கள். நேராகப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார வேண்டாம், முன்னாலேயே போனில் விவரம் சொல்லிவிட்டுப் போங்கள். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். இல்லையென்றால், தொற்று பட்ட 10 நாளுக்குள் போட்டுக்கொள்ள இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி இருக்கிறது. பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிற சின்னம்மை, கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரலைப் பிடித்து நிமோனியாவாக மாறலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பச்சைக் குழந்தைக்கும் ஆபத்து. பதில் தெரிகிறவரை மகனைக் குளிப்பாட்டுவது, தடவிக்கொடுப்பது, பக்கத்தில் படுப்பதெல்லாம் அத்தை பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு ஏற்கெனவே அம்மை போட்டிருந்தால்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். பாதிக் காலம் சேர்வராயன் மலையில், நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கம். மீதி சேலத்துப் பேட்டைகளில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் உங்களைப் போல எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். போகப் போக, எந்த வழக்கத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கப் பழகினேன். இந்த நோய் எதனால் வந்தது என்கிறார்கள்? அப்படிச் சொல்லிவிட்டு என்ன செய்கிறார்கள்? முதல் கேள்விக்கு மாரியம்மன், காத்து கருப்பு, தோஷம், கண்ணேறு என்று பதில் வரும். அந்தப் பதிலோடு சண்டை போட்டு நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. பிள்ளை பிழைப்பதும் கைவிட்டுப் போவதும் இரண்டாவது கேள்வியில் இருந்தது. நான் வாதாடியதெல்லாம் அங்கேதான்.

அம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். "காய்ச்சல் வந்தது" என்கிற அதே வாய், இதற்கு மட்டும் "அம்மா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கு" என்கிறது. கொப்புளத்துக்கு முத்து என்று பெயர் வைத்தவர்கள் நோயாளியை அருவருப்பாகப் பார்க்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மா இறங்கியிருக்கிற உடம்பு அது. அதனால் திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, வீட்டில் சத்தம் போடக்கூடாது. சீழ்பிடித்த உடம்போடு கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வருவதில்லை. அந்த வீட்டாரும் விசேஷத்துக்கோ துக்கத்துக்கோ போவதில்லை. முத்துக் கண்ட 3, 5, 7 என்று ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சின்னம்மை, முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டுகிறவரை பரவும். அது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில், நோயைத் திரும்பத் திரும்பப் பார்த்தே இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். இளநீர், மோர், கஞ்சி கொடுப்பது சரி. நகத்தால் சொறியாமல் வேப்பிலையால் நீவிவிடுவதும் சரி.

எது சரியில்லை? சில வீடுகளில் உப்பு சேர்க்காத கஞ்சியைத் தவிர எதையும் கண்ணில் காட்டுவதில்லை. பிள்ளை துவண்டுவிடும். குழைந்த சாதம், இட்லி, பருப்பு, பழம் என்று அவன் கேட்பதைக் கொடுங்கள். தாளிக்கக்கூடாது என்றால் தாளிக்காமலே கொடுங்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. தண்ணீர் ஊற்றும் நாள் வரை உடம்பைத் தொடவே கூடாது என்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகத் துடைத்துவிட்டால் அரிப்பு அடங்கும், புண் சீழ் வைக்காது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மை, வைரஸ் காய்ச்சல் நேரத்தில் அது பிள்ளைகளின் கல்லீரலையும் மூளையையும் தாக்கக்கூடிய ஒரு நோயைக் கிளப்பிவிடலாம். மற்ற வலிமாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி அந்த "முத்து அமுங்கிவிடும்" பயம். இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். இது பெரியம்மை காலத்து ஞாபகம். பெரியம்மையில் பத்துப் பேருக்கு மூன்று பேர் வரை செத்தார்கள். அதிலும் சிலருக்கு முத்து மேலே எழும்பாமல் தோலோடு தோலாகத் தட்டையாகவே இருக்கும், அல்லது தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அப்படி ஆனவர்களில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. முத்து நன்றாக எழும்பினால் பிழைப்பான், அமுங்கினால் போய்விடுவான் என்று நம் பாட்டிமார் கண்ணால் கண்டதைத்தான் சொல்லி வைத்தார்கள். அதற்குக் காரணம் மருந்து என்று சேர்த்ததுதான் தவறு. அமுங்கவைத்தது நோயின் கடுமை. அந்தப் பெரியம்மை இன்று உலகத்தில் இல்லை. இந்தியாவில் கடைசியாக 1975 மே மாதம் கண்டது. 1980 மே 8 அன்று உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். உங்கள் மகனுக்கு வந்திருப்பது வேறு குடும்பத்துக் கிருமி. பெயரில் மட்டும்தான் இரண்டும் அம்மை.

உங்கள் அத்தைக்கு அறுபது வயது இருக்குமா? அப்படியானால் அவர் கையை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒரு தழும்பு இருக்கலாம். பெரியம்மைக்குத் தடுப்பூசி போட்டதை அந்தக் காலத்தில் "அம்மை குத்துறது" என்பார்கள். அவரைப் பெற்றவர் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றினார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மையும் குத்திக்கொண்டு வந்தார். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. நான் எத்தனையோ வீட்டில் அறிவியல் பேசித் தோற்ற இடத்தில், "இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு, சொல்லுங்கம்மா" என்று கேட்டதும் கதவு திறந்திருக்கிறது. அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்மைக்கு ஒட்டுப் பிறந்தது அக்கி. சேலத்தில் இன்னும் அக்கிக்கு எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து, கொப்புளம் கண்ட இடத்தில் சிங்கமோ நாயோ வரையச் சொல்வார்கள். எரிச்சல் குறைகிறது என்பார்கள், பொய் சொல்லவில்லை. காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். மருந்துக்கடையில் விற்கிற இளஞ்சிவப்புக் காலமைன் லோஷனுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். ஈரம் காயக் காயக் குளிர்ச்சி தரும். ஆனால் அக்கி வருவதற்குக் காரணம் சின்னம்மைக் கிருமியேதான். அம்மை இறங்கிய பிறகு அது நரம்பின் வேரில் போய் ஒடுங்கிக் கிடந்து, வயதானபோதோ உடம்பு தளர்ந்தபோதோ ஒரு நரம்பின் வழியாக மட்டும் வெளியே வரும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாதிரியான மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிக்கொள்ளப் போய் அந்த மூன்று நாளைத் தவறவிட்டு, கொப்புளம் ஆறின பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலியில் தூங்காமல் கிடந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது, கண்ணே போய்விடலாம். "எழுதிக்குங்க, போற வழியில மாத்திரையும் வாங்கிக்கலாம்" என்று நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மலையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த சொல் சவலை. கைப்பிள்ளை இருக்கும்போதே தாய் அடுத்து உண்டாகிவிட்டால், மூத்தது பாலில்லாமல் ஏங்கி, சிணுங்கி, வயிறு ஊதி, கைகால் சூம்பிப்போகும். "சவலை பாய்ஞ்சிருச்சு" என்பார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இதேபோன்ற பிள்ளைகளைப் பார்த்து, 1935இல் அந்த நோயை மருத்துவ உலகத்துக்கு எழுதினார். பெயர் குவாஷியோர்கர். அங்கே பேசும் கா மொழியில், அடுத்த குழந்தை வந்ததால் தள்ளப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். நம் சவலைதான் அது! எங்கோ கடல் தாண்டியிருந்த தாய்மாரும் நம் மலைத் தாய்மாரும் ஒரே காரணத்தைக் கண்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, எந்த ஊர்ச் சொல்லையும் கேட்டவுடன் ஒதுக்கிவிட எனக்கு மனம் வந்ததில்லை. சவலை என்று ஒரு பாட்டி சொன்னால், பாதி நோயறிதல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அங்கன்வாடிச் சத்துமாவு, முட்டை, நிலக்கடலை, அடுத்த பிள்ளைக்கு இடைவெளி என்று பேச்சைத் தொடர்வேன். கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தால் கட்டியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

தோஷம் என்பதில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. பேதியாகும் கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும், கண் குழி விழுந்திருக்கும், அழுதால் கண்ணீர் வராது. ஏதோ பட்சி தோஷம், தீட்டு பட்ட ஆள் தூக்கிய தோஷம் என்பார்கள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தக் குழந்தை நீரில்லாமல்தான் சாகிறது. இன்னொன்று தொக்கம். நம் பக்கம் பல ஊர்களில் தொக்கம் எடுக்கப்படும் என்று பலகையே மாட்டியிருப்பார்கள். வயிற்றை நீவி, குழல் வைத்து உறிஞ்சி, உள்ளே சிக்கியிருந்தது இதுதான் என்று எதையோ எடுத்துக் காட்டுவார்கள். பேதியும் வாந்தியும் எடுக்கிற பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு பொட்டலம் ஓஆர்எஸ் தூளை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்கி, ஒவ்வொரு முறை வெளிக்குப் போனதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே கூட்டம் கூட்டமாகக் காப்பாற்றினார். பொட்டலம் கைக்குக் கிடைக்கிறவரை உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீராவது கொடுங்கள். அது நம் வீட்டில் என்றைக்கும் இருப்பதுதானே.

காத்து கருப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பார். வாந்தி வரும். கொஞ்ச நேரத்தில் இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. உடம்பில் காயம் ஒன்றும் தெரியாது. காத்து அடித்துவிட்டது என்று விபூதி போடப் போவார்கள். இது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, பல் பட்ட இடமும் கண்ணுக்குத் தட்டுப்படாது. விஷமுறிவு ஊசியும் மூச்சுக்கு இயந்திரமும் இருக்கிற இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். 2008இல் 108 வண்டி வந்த பிறகுதான் மலையில் எங்களுக்கு இது கைகூடியது. அதற்குமுன் இருபது கொண்டை ஊசி வளைவையும் கிடைத்த ஜீப்பில் இறங்குவோம். ரோடு இல்லாத ஊரில் தூளிகட்டித்தான் தூக்கிவருவார்கள்.

உங்களுக்குப் பிரசவம் நெருங்குவதால் ஜன்னி என்ற சொல்லையும் கவனத்தில் வையுங்கள். பெற்ற உடம்பில் காய்ச்சலோடு பிதற்றினாலும் ஜன்னி, வலிப்பு வந்தாலும் ஜன்னி, சம்பந்தமில்லாமல் பேசிச் சிரித்து அழுது குழந்தையைத் தள்ளிவிட்டாலும் ஜன்னி என்பார்கள். முதலாவது கர்ப்பப்பையில் சீழ்பிடித்த கிருமித் தொற்றாக இருக்கலாம், இரண்டாவது ரத்த அழுத்தத்தால் வருவது, மூன்றாவது மனநோய். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, மூன்றுமே அவசரம். மனநோயைப் பேய் என்று கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி தர்காவை ஒட்டியிருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பார்த்தோம். சங்கிலியில் பிணைத்திருந்த 28 பேர் தீயில் கருகிப்போனார்கள். அதற்காகக் கோயிலில் தங்குவதால் ஒரு பலனும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் கட்டிவைக்காமல், அன்பாக வைத்திருந்த மனநோயாளிகளுக்கு நோயின் கடுமை சுமார் 20 சதவீதம் குறைந்தது என்று 2002இல் மருத்துவ இதழிலேயே வந்தது. சங்கிலியையும் சாமியையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மலையில் நடந்த ஒன்றைச் சொன்னால் உங்கள் வீட்டுக்கு வழி கிடைக்கலாம். ஒரு ஊரில் தட்டம்மை பரவியிருந்தது. சளி, கண் சிவப்பு, காதுக்குப் பின்னால் தொடங்கிய தடிப்பு. தட்டம்மையில் பிள்ளைகள் நிமோனியாவிலும் பேதியிலும் சாவார்கள், வைட்டமின் ஏ கொடுத்தாக வேண்டும். யாரும் வீட்டுக்குள் விடவில்லை. முன்பு அந்த ஊரிலிருந்து கீழே சிகிச்சைக்குப் போன ஒரு தாயை, கழுத்துத் தாயத்தைக் காட்டி ஒரு இடத்தில் கண்டபடி பேசியிருக்கிறார்கள். அதிலிருந்து ஊரே இறங்குவதை நிறுத்திவிட்டது. நான் ஊர்க் கவுண்டரையும் பூசாரியையும் போய்ப் பார்த்தேன். மருந்து நான் கொடுக்கிறேன், விபூதி நீங்கள் கொடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன், மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொள்கிறேன் என்றேன். பூசாரி அன்று ராத்திரி மலைச்சாமி சேர்வராயனை நினைத்து வாக்குக் கேட்டார். காலையில் அவரே முன்னால் நடந்து வீடு வீடாகக் கூட்டிப்போனார். மூச்சு வாங்கின இரண்டு பிள்ளைகளைச் சாமி உத்தரவு என்று சொல்லி அவர்தான் கீழே அனுப்பினார். 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்து, வாட்ஸ்அப் வதந்தியில் படித்தவர்களே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் பயந்தபோது, அந்த ஊரில் ஒரு பிள்ளை பாக்கியில்லை.

அதனால் அத்தையிடம் மூடநம்பிக்கை என்ற சொல்லை எடுக்காதீர்கள். "அத்தே, அம்மா நல்லபடியா இறங்கட்டும். வேப்பிலை இருக்கட்டும், நீங்க சொல்ற பத்தியம் இருக்கேன். வயித்துல இருக்கறதுக்கும் நீங்கதானே பாட்டி, அதுக்காக டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லுங்கள். மகனுக்காகக் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் உப்பும் மிளகும் போடுவதாகவோ, மண்ணில் செய்த உருவாரம் வாங்கி வைப்பதாகவோ, கண் மாதிரித் தகடான கண்ணடக்கம் சாத்துவதாகவோ அத்தை வேண்டிக்கொண்டால், நீங்களும் கூட நின்று கும்பிடுங்கள். இத்தனை வருடம் ஊசியும் கையுமாக அலைந்த நானும் ஆடிப் பதினெட்டுக்கு முன் ஒருநாள் திருமணிமுத்தாற்றங்கரைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறவள்தான்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இறங்கின காய்ச்சல் நான்கு நாளுக்குப் பிறகு மறுபடி ஏறினால், மூச்சு வாங்கினால், எழுப்ப முடியாமல் தூங்கினால், நடை தள்ளாடினால், கழுத்தை வளைக்க முடியவில்லை என்றால், முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சுட்டால், கண்ணில் முத்துக் கண்டால், யாரிடமும் உத்தரவு கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை அத்தையே குறிக்கட்டும். அன்று காலையில் மகனை வெளிச்சத்தில் நிறுத்தி, தலைமுடிக்குள்ளும் பார்த்து, ஒரு முத்துகூட ஈரமாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஊற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் உடம்பை 21 நாள் கவனித்து வாருங்கள், ஒரே ஒரு முத்துத் தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். இப்போது முதலில் உங்கள் அம்மாவுக்குப் போன் போடுங்கள்.